ஈயம் போன சட்டி

எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். இதை முதல் வரியிலேயே எழுதக் காரணம் உண்டு. நாற்பது வருடமாக ஒவ்வொரு நாளும் விடிந்ததும் அந்த ஆறையும் விரல் விட்டு எண்ணியிருக்கிறேன். பிள்ளைகளைப் பெற்ற பெருமையில் எண்ணுகிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. பிறந்த ஊரான எழுமலையில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனேன். மிச்சத்தைக் கோயிலில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பழகிக்கொண்டேன். நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். கொம்பும் சுழியும் என் கையில் இடம் மாறி விழும். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. மகன் வீட்டுப் பேத்தி ஜெனி பார்த்துவிட்டு, "அப்பத்தா, நீங்க பேசுங்க, நான் போன்ல ரெக்கார்டு பண்ணிர்றேன். எதுக்கு இம்புட்டுக் கஷ்டம்?" என்றாள்.

"பேசுனா பேச்சை மாத்திருவேன்டி. எழுதிட்டா மாத்த முடியாது" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பேச்சை மாற்றுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. இன்று செவ்வாய். வெள்ளிக்கிழமை காலைக்குள் இதை முடிக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். நான் எதையும் நேராகச் சொல்கிற ஆள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெனி, தல்லாகுளத்தில் அவள் போகிற சபையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் கொண்டுவந்து காட்டினாள். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். வாயில் இரண்டு தாள் ஒட்டியிருந்தது. மேல் தாளை உரித்தால் அப்பம், அடுத்த தாளை உரித்தால் திராட்சை ரசம். திருவிருந்து அன்றைக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிடுகிறார்களாம். யார் வாயும் யார் கிண்ணத்திலும் படாது. "சுத்தம்ல, அப்பத்தா?" என்றவள், எனக்குக் காட்டுவதற்காகத் தாளை உரித்தாள்.

வாசம் வந்தது. வெந்த திராட்சையும் சர்க்கரையும். அதற்கு அடியில் எனக்கு மட்டும் இன்னொரு வாசமும் வந்தது, காசை நக்கினால் நாக்கில் வருமே, அது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "சுகர் பாக்கணுமா அப்பத்தா?" என்று கேட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் அப்பத்தா உட்கார்ந்தால் சுகர், கண் கலங்கினாலும் சுகர்தான்.

நாங்கள் மதுரை செல்லூரில் இருந்த காலத்தில் எங்கள் கோயில் ஓட்டுக்கூரை. ஒரு பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் தறி ஓடிக்கொண்டே இருக்கும். ஐயா, அதாவது எங்கள் போதகர், ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் தறிச் சத்தமும் சேர்ந்து ஜெபிக்கிற மாதிரி இருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. ஒரே ஒரு வெள்ளிக் கிண்ணம். முழங்கால் போட்டு வரிசையாக இருப்போம். ஐயா ஒருவர் வாயில் வைத்து, வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, அடுத்தவர் வாயில் வைப்பார். தறிக்காரன், கொத்தனார், தாலுகா கச்சேரிக் குமாஸ்தா எல்லோருக்கும் அதே விளிம்புதான்.

அந்த ரசத்தைக் காய்ச்சுவது நான். என்னைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை. வெள்ளிக்கிழமையே கருப்புத் திராட்சையை மூன்று தண்ணீரில் கழுவி ஊறப் போடுவேன். சனிக்கிழமை பட்டினி. காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கையாலேயே பிசைந்து, கரியடுப்பில் நிதானமாகக் காய்ச்சி, நான்கு கிராம்பு போட்டு, மல் துணியில் வடிகட்டி, சூடு ஆறியதும் பாட்டிலில் ஊற்றி மூடுவேன். முடிகிறவரை யாரோடும் பேசமாட்டேன். பிள்ளைகள் பசிக்குது என்று வந்தால்கூட கண்ணாலேயே விரட்டுவேன். ஜனங்கள் என்னைப் பற்றி, "அந்தக்கா கை பட்டாலே சுத்தம்" என்பார்கள். எனக்கு அது காதில் விழாத மாதிரி நடந்து போகவும் தெரியும், விழுகிற தூரத்தில் நிற்கவும் தெரியும்.

காய்ச்சுவது என் அம்மாவின் பித்தளைச் சட்டியில். அம்மா எழுமலைக் கோயிலுக்கு அதில்தான் காய்ச்சினாள். பித்தளையில் புளிப்பு வைக்க வேண்டுமானால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பச்சையாகக் களிம்பு ஏறும். அது விஷம். இது அந்தக் காலத்தில் குழந்தைக்கும் தெரியும். ஈயம் பூசுகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார். மண்ணில் குழி பறித்து, துருத்தி வைத்து ஊதி, சட்டி பழுத்ததும் நவச்சாரத்தைத் தூவுவார். வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பி மூக்கை அறுக்கும். பஞ்சால் ஒரு தேய்ப்பு, சட்டிக்குள் நிலா எழுந்த மாதிரி இருக்கும். அந்த வருடம் அவர் வரவில்லை. வேறு ஆளைத் தேடிப் போக எனக்கு மனமில்லை. அம்மா சட்டியில் ஈயம் இன்னும் இரண்டு மாதம் தாங்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

எஸ்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எஸ்தர் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கிறவள். பிறந்த வீட்டில் சாராயம் விற்றார்கள். பெரியவளாகித்தான் எங்கள் சபைக்கு வந்தாள். கோயிலுக்குள் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வருவாள், பிரசங்கத்தில் ஐயா வேடிக்கையாக ஏதாவது சொன்னால் சத்தமாகச் சிரிப்பாள். பாட்டு தெரியாவிட்டாலும் குரல் கொடுப்பாள். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. முழங்கால் போடும்போது நடுவில் ஒரு ஆள் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்வேன்.

இப்படி இருக்கும்போது ஐயா என்ன செய்தார் தெரியுமா? அவர் இளவயது. "எஸ்தரும் ஏதாவது ஊழியம் செய்யட்டும்க்கா. திராட்சை வாங்கி வர்றது, பாட்டில் கழுவிக் கொண்டாறது அவங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் பிரசங்கத்திலும் அப்போதெல்லாம் கிருபை, கிருபை என்றே பேசுவார். "பெரியாஸ்பத்திரியில மருந்து வாங்க நல்லவனா இருக்கணுமா, நோயாளியா இருக்கணுமா? இந்தப் பந்தியும் அப்படித்தான்" என்பார். அப்படியென்றால் நான் மூன்று தண்ணீரில் கழுவியது எதற்கு, பட்டினி கிடந்தது எதற்கு என்று எனக்குள் புகையும்.

திராட்சையை வெள்ளிக்கிழமையே வாங்கிக் கொடுத்துவிட்டிருந்த எஸ்தர், அந்தச் சனிக்கிழமை பாட்டிலோடு வந்தாள். அடுப்பில் சட்டி இருந்தது. எட்டிப் பார்த்தவள், "அக்கா, சட்டி உள்ளாற செவசெவன்னு கெடக்கே, ஈயம் பூராம் போயிருச்சு. எங்க வீட்டுல எவர்சில்வர் இருக்கு, எடுத்தாரவா?" என்றாள்.

பேசாமல் காய்ச்ச வேண்டிய நான் வாயைத் திறந்தேன். "எங்கம்மா காலத்துச் சட்டி. சாராயச் சட்டி கழுவுனவ வந்து எனக்குச் சொல்ற அளவுக்கு ஆயிருச்சா? பாட்டிலையும் எடுத்துக்கிட்டுப் போ."

அவள் பாட்டிலை மட்டும் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். வாசற்படியில் அது வெயிலில் மினுங்கிக்கொண்டே இருந்தது. அவள் கழுவிய பாட்டிலில் ஊற்றுவதா என்ற வீம்பில் நான் எடுக்கவே இல்லை. ரசம் சட்டியிலேயே ஆறியது, சட்டியிலேயே இருந்தது, மறுநாள் காலை வரைக்கும்.

காலையில் மூடியை எடுத்தேன். விளிம்பைச் சுற்றி ஒரு வளையம். பச்சை. நூல் அளவுதான்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் சாகிறவரை அவருக்கும் தெரியாது.

நான் அதைப் பார்த்தேன். என்னவென்று தெரிந்தது. துணியை நனைத்துத் துடைத்தேன். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். காசு ருசி. கொட்டிவிட்டால் அன்றைக்குத் திருவிருந்து இல்லை. ஏன் இல்லை என்று கேட்பார்கள், எஸ்தர் சொன்னாளே கேட்டாயா என்பார்கள். இரண்டு கரண்டி சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கினேன். பிறகு தலையை வாரி, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, கோயிலுக்கு எடுத்துப் போனேன்.

வரிசையாக எல்லோரும் குடித்தார்கள். கடைசியாக நானும் குடித்தேன். ஐயா கிண்ணத்தை என் வாயில் வைத்தபோது அவர் சொன்ன ஆசீர்வாதம் எனக்குக் காதில் விழவில்லை, தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

மத்தியானம் முதல் ஆள் வாந்தி எடுத்தார். சாயங்காலத்துக்குள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார்கள். எஸ்தரும் கிடந்தாள். கோயில் மணி அடிக்கிற தாவீது தாத்தாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. என் முதல் பயம் அதுதான். தட்டில் மீனை ஒதுக்கி வைப்போமே கடைசியில் தின்பதற்கு, அந்த மாதிரி கர்த்தர் என்னை ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சபைப் பெரியவர்கள் கூடினார்கள். வேறு ஊராக இருந்தால் முதலில் பாத்திரத்தைக் கொண்டுவா என்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஆட்கள் அப்படிக் கேட்கவில்லை. தகுதி இல்லாமல் பந்தியில் கை நீட்டினது யார், அந்தத் தீர்ப்புதான் எல்லோர் மேலும் வந்திருக்கிறது என்று பேசினார்கள். சட்டியைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஐயா மட்டும் என் பக்கம் திரும்பி, "அக்கா, திராட்சை நல்லாத்தான இருந்துச்சு?" என்றார்.

எஸ்தர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. என்னைப் பார்த்தாள்.

"எனக்கென்ன தெரியும்? வாங்கியாந்தவுகளத்தான் கேக்கணும்" என்றேன்.

இவ்வளவுதான் நான் பேசியது. பொய்கூட இல்லை பாருங்கள். நாற்பது வருடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன், அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

"சாராய வீட்டு ரெத்தம் எங்க போகும்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். எஸ்தர் வாயைத் திறப்பாள் என்று காத்திருந்தேன். சட்டி என்ற ஒரு சொல் போதும். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஐயா என்ன சொல்றீகளோ அப்படியே செய்றேன்" என்றாள். ஐயாவுக்கு விருப்பமில்லை, முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் பெரியவர்கள் விடவில்லை. ஒரு வருடம் எஸ்தருக்குத் திருவிருந்து கிடையாது, செருப்பு கழற்றிப்போடுகிற வாசலுக்குப் பக்கத்துப் பெஞ்சில்தான் உட்கார வேண்டும் என்று முடிவானது.

தாவீது தாத்தாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வியாழக்கிழமை செத்துப்போனார். அவர் ஏற்கெனவே நெஞ்சுவலிக்காரர். வயசு என்று டாக்டர் சொன்னார். வயசுதானா என்று எனக்குத் தெரியாது. இனிமேல் தெரியவும் போவதில்லை. அந்தக் கடைசி இரண்டு நாளும் அவருக்குக் கஞ்சி ஊட்டியது எஸ்தர். தன் வயிற்றுவலியே தீராமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய் ஊட்டினாள். நான் மாலையோடு அடக்கத்துக்குத்தான் போனேன். முதல் வரிசையில் நின்று பாடினேன்.

அதற்குப் பிறகு நான் காத்திருக்க ஆரம்பித்தேன்.

மூத்தவனுக்கு மஞ்சள்காமாலை வந்தது. இதுதான் என்று நினைத்தேன். பிழைத்துக்கொண்டான். நான்காவது பெண் பிரசவத்தில் இரண்டு நாள் கிடந்தாள். இதுதான் என்றேன். தாயும் பிள்ளையுமாக வந்தாள். கடைசிப் பையன் கோர்ட்டுக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு அடியில் வண்டியோடு போய், முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு எழுந்து வந்தான். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அடிக்க ஓங்கிய கை கீழே இறங்கினால் அழுதுவிட்டுப் போகலாம், இறங்காமல் தலைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தால் என்ன செய்வது? காலையில் எழுந்ததும் ஆறு பேரையும் எண்ணுவேன். ஆறும் இருக்கும்.

அதனால் நான் இன்னும் பக்தியானேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் பட்டினி. கோயில் தரையை நானே கழுவினேன். நோயாளி வீடு ஒன்று விடாமல் ஜெபிக்கப் போனேன். பெண்கள் கூட்டத்துக்கு என்னைத் தலைவியாக்கினார்கள். "தேவபக்தியா நடக்கணும்னா அக்காவப் பாத்துப் படிங்க" என்று ஐயாவே மேடையில் சொன்னார். வெள்ளையடித்த சுவரில் மறுபடி மறுபடி வெள்ளையடித்துக்கொண்டே இருந்தேன். உள்ளே ஈரம் ஏறிக்கொண்டே இருந்தது.

எஸ்தர் வாசல் பெஞ்சில் இருந்தாள். ஒவ்வொரு முதல் ஞாயிறும் நாங்கள் முழங்கால் போட எழுந்ததும், அவள் அங்கேயே எழுந்து நின்று பாடுவாள். தப்பும் தவறுமாக, சத்தமாக. பூ வைப்பதையும் விடவில்லை. அந்தக் குரல் என் முதுகில் வந்து விழும்.

வருடம் முடிந்த சனிக்கிழமை அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு எவர்சில்வர் சட்டி, புதுசு. அதற்குள் கழுவின திராட்சை.

"அக்கா, இதுல காய்ச்சுங்க. ஒங்க அம்மா சட்டி பாவம், வயசாயிருச்சுல்ல. அதைப் பரண்ல போட்ருங்க" என்றாள்.

அவளுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். முகத்தில் குத்தலைத் தேடினேன், இல்லை. நான் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "சரி, வச்சுட்டுப் போ" என்றேன்.

மறுநாள் அவள் வந்து எனக்குப் பக்கத்திலேயே முழங்கால் போட்டாள். நடுவில் ஆள் இல்லை. கிண்ணம் முதலில் அவளுக்கு, அப்புறம் எனக்கு. துடைத்தும் துடையாத அவள் எச்சில் விளிம்பில் நான் குடித்தேன். அன்றிலிருந்து நாங்கள் செல்லூரை விட்டு வருகிறவரை ஒவ்வொரு மாதமும் அப்படித்தான். ஐயா கிருபை என்று சொன்னதை நான் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தேன், அது என் வலது தோளில் இடித்துக்கொண்டு மல்லிகைப்பூ வாசத்தோடு இருந்தது. அதைப் போல என்னை மிரட்டினது வேறு ஒன்றும் இல்லை.

இப்போது எஸ்தர் செல்லூரிலேயே மகள் வீட்டில் படுக்கையில் கிடக்கிறாள். இரண்டு கண்ணும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை இப்போதுள்ள போதகர் அவள் வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுக்கிறார். அவளோடு உட்கார ஒருவர் வேண்டும், உங்களைத்தான் கேட்கிறார்கள் என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள். பத்து நாளைக்கு முன் பார்க்கப் போயிருந்தேன். என் கையைத் தடவிப் பார்த்தே யாரென்று கண்டுபிடித்துவிட்டாள்.

"பேச மாட்டேங்குறீகளே, அக்கா" என்றவள், "அந்தச் சட்டி இருக்கா?" என்று கேட்டாள்.

"அது எப்பவோ வித்தாச்சு" என்றேன்.

பாருங்கள், எழுபத்தெட்டு வயதில். கண் தெரியாதவளிடம். அவள், "ம், நல்லதுக்கா" என்று சொல்லி என் கையை விடாமலேயே படுத்திருந்தாள். கை சுட்டது.

சட்டியை நான் விற்கவில்லை. பழைய சேலையில் சுற்றிப் பரணில்தான் இருக்கிறது. நேற்று ஜெனியை ஏணியில் ஏற்றி இறக்கச் சொன்னேன். "ஆத்தாடி, என்ன அப்பத்தா, உள்ள பூராம் பச்சையா இருக்கு? தூக்கிப் போட்ருவோமா?" என்றாள். கதவோரம் வை, வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றேன்.

இப்போது ஈயம் பூசுகிறவர் கூவுகிற சத்தம் இல்லை. நவச்சாரப் புகை இல்லை. ஓட்டுக்கூரைக் கோயிலை இடித்து மேலே மாடி எடுத்துவிட்டார்கள், சுவருக்கு அந்தப்புறம் தறி போய் பிளக்ஸ் போர்டு அடிக்கிறார்கள். வெள்ளிக் கிண்ணம் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் இருந்தவர்களில் ஐயா போய்விட்டார், பெரியவர்கள் போய்விட்டார்கள், சாராய வீட்டு ரத்தம் என்றவளும் போய்விட்டாள். இப்போது எஸ்தரும் நானும்தான் மிச்சம். அவளுக்கு மூச்சு இழுக்கிறது என்று மகள் சொல்கிறாள். அவளும் போய்விட்டால், அந்தச் சட்டி செய்ததைப் பற்றித் தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான். அப்புறம் நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்?

ஜெனி, இங்கே வா. கதவைச் சாத்து. வெள்ளிக்கிழமை எஸ்தர் பாட்டிக்கு இதை நீதான் வாசிக்கப் போகிறாய், போதகர் கிண்ணத்தை எடுப்பதற்கு முன்னால். இப்போது எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டு. எழுத்துப் பிழையைத் திருத்தாதே. அவளுக்குக் காதும் மந்தம், அதனால் சத்தமாகப் படித்துப் பழகு. அந்த வளையம் வருகிற இடத்தில் நான் போதும் என்பேன். நிறுத்திவிடாதே, தாயே. நான் சொன்னாலும் நிறுத்தாதே. வாசி.